ஒரு நாள் குஞ்சுகளை வெகுதூரம் கொண்டு போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில் எங்கள் தோட்டம். ஒரு நாள் வயதுள்ள நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வாங்கி வந்து, ஒரு மாதம் வளர்த்து, அக்கம்பக்கத்து விவசாயிகளுக்குக் கொடுப்பது எங்கள் தொழில். எங்களிடம் வாங்கிப் போகிறவர்கள் கேட்பதும், வேறு எங்கோ வாங்கிவிட்டுப் பாதி வழியில் நின்றுகொண்டு தொலைபேசியில் கேட்பதும் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பல்லடத்துக் கறிக்கோழி நிறுவனங்களுக்கும் நாமக்கல் முட்டைப் பண்ணைகளுக்கும் இது தேவைப்படாது. அவர்களிடம் குஞ்சு ஏற்றுவதற்கென்றே கட்டிய வண்டிகள் உண்டு. 50 குஞ்சையோ 300 குஞ்சையோ காரிலும் பஸ்ஸிலும் சரக்கு ஆட்டோவிலும் கொண்டு போகிறவர்களுக்காக எழுதியது இது.

தீனியும் தண்ணீரும் இல்லாமல் குஞ்சு எத்தனை மணி நேரம் தாங்கும்?

எல்லோரும் சொல்கிற கணக்கு 72 மணி நேரம். அது பொய்யில்லை. கோழி முட்டை பொரிய 21 நாள் ஆகும். 19ஆம், 20ஆம் நாளில், முட்டைக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு தொப்புள் வழியாகக் குஞ்சின் வயிற்றுக்குள் போய்விடுகிறது. தாய் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு அது. தீனி, ஈரம், நோயை எதிர்க்கும் சக்தி மூன்றும் அதில் இருக்கின்றன. அமெரிக்காவில் 1918 முதல் ஒரு நாள் குஞ்சுகளைத் தபாலில் அனுப்பி வருகிறார்கள் என்றால், இந்தக் கட்டுச்சோற்றை நம்பித்தான்.

ஆனால் 72 மணி நேரம் என்பது உயிர் போகாமல் இருப்பதற்கான எல்லை. நன்றாக வளர்வதற்கான எல்லை அதைவிட மிகக் குறைவு. 24 மணி நேரத்துக்குள் தண்ணீரும் தீனியும் கண்ட குஞ்சுக்கும், இரண்டு நாள் கழித்துக் கண்ட குஞ்சுக்கும் ஒரு மாதத்தில் எடை வித்தியாசம் தெரியும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கணக்கு நீங்கள் பெட்டியை வாங்கும்போது தொடங்குவதில்லை. ஒரே தட்டில் வைத்த முட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பொரிவதில்லை. முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் ஒரு நாள், சில சமயம் அதற்கும் மேல், இடைவெளி இருக்கும். கடைசிக் குஞ்சின் ஈரம் காய்கிற வரை முதல் குஞ்சு உள்ளே காத்திருக்கிறது. பிறகு தரம் பிரிப்பது, தடுப்பூசி, எண்ணிப் பெட்டியில் போடுவது எல்லாம் நடக்கும். 'ஒரு நாள் குஞ்சு' என்று உங்கள் கைக்கு வருவதில் சில ஏற்கெனவே 36 மணி நேரம் பட்டினி கிடந்தவை. ஆகவே பொரிப்பகத்தில் விலையைக் கேட்பதற்கு முன் 'எப்போது மிஷினிலிருந்து எடுத்தீர்கள்' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அன்றைக்கு வாங்காதீர்கள்.

அப்படியானால் வழியில் சாகிற குஞ்சுகள் பசியால் சாகவில்லையா?

இல்லை. வெப்பத்தாலும் காற்று இல்லாமலும்தான் சாகின்றன. மழைக்காலத்தில் நனைந்து விறைத்துச் சாவதும் உண்டு. பசியால் வழியில் செத்த குஞ்சை நான் பார்த்ததில்லை.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஒரு வைகாசி மாதம், பல்லடம் பக்கத்துப் பொரிப்பகம் ஒன்றில் 300 குஞ்சுகள் எடுத்தேன். வாடகை வண்டி. வெயில் படக்கூடாது என்று ஓட்டுநர் நல்லெண்ணத்தில் தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டிவிட்டார். அவினாசிபாளையம் தாண்டி ஒரு பேக்கரியில் டீ குடிக்க நிறுத்தினோம். டீ, ஒரு பப்ஸ், ஊர்க்கதை எல்லாம் சேர்ந்து 25 நிமிடம் ஆகியிருக்கும். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் நடுப்பெட்டியில் 41 குஞ்சுகள் கால் நீட்டிக் கிடந்தன. மொத்தத் தூரம் 60 கிலோமீட்டர்கூட இல்லை.

காரணம் எளிது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சூடு ஏறினால் வாயைத் திறந்து இரைத்துத்தான் தணித்துக்கொள்ள வேண்டும். இரைக்க இரைக்க உடலின் நீர் வற்றும். ஒரு பெட்டியில் 100 குஞ்சுகள் என்றால் 100 சின்ன அடுப்புகள். வண்டி ஓடும்போது காற்று அந்தச் சூட்டை வாரிக்கொண்டு போகிறது. வண்டி நின்றதும் சூடு பெட்டிக்குள்ளேயே சுழல்கிறது. தூரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள், நிறுத்தத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பத்து மணி நேரம் ஓடுகிற வண்டியைவிட அரை மணி நேரம் வெயிலில் நிற்கிற வண்டி ஆபத்தானது. டீ குடிக்காமல் முடியாது என்றால் மர நிழலில் நிறுத்தி, கதவுகளை எல்லாம் திறந்து வைத்து, ஒருவர் வண்டியிலேயே இருங்கள்.

எந்த நேரத்தில் கிளம்ப வேண்டும்?

மாசி முதல் வைகாசி வரை இரவுப் பயணம்தான். ஒன்பது மணிக்கு மேல் ஏற்றி, காலை எட்டு மணிக்குள் இறக்கிவிட வேண்டும். கோவையிலிருந்து சென்னையோ நாகர்கோவிலோ போகிறவர்களுக்கும் இந்த இரவு போதும். அக்கினி நட்சத்திரத்தில் கரூர் பரமத்தி வழியாக நண்பகலில் குஞ்சோடு போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் விற்க மாட்டேன். அந்தப் பக்கத்து வெயில் வெயிலே அல்ல, சூளை.

ஆனி, ஆடியில் சிக்கல் வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலை, பல்லடம், தாராபுரம் எல்லாம் வீசி அடிக்கிறது. காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம், குஞ்சுக்குத் திண்டாட்டம். திறந்த வண்டியில் காற்று நேராகப் பெட்டியில் மோதினால் முன்வரிசைக் குஞ்சுகள் குளிர்ந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் இருப்பவை நசுங்கும். முன்பக்கத்தை மட்டும் மறைத்து, பக்கவாட்டைத் திறந்து விடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் நனையாமல் பார்த்துக்கொண்டால் போதும். மார்கழி, தை மாதங்களில் பகலில் போவதே நல்லது. காலை பத்து மணிக்கு மேல் கிளம்பலாம்.

எந்தப் பெட்டி? எத்தனை குஞ்சு?

பொரிப்பகத்தில் கொடுக்கும் அட்டைப்பெட்டி ஏறக்குறைய 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், அரை அடி உயரம் இருக்கும். உள்ளே நான்கு அறைகள். அறைக்கு 25 வீதம் 100 குஞ்சுகள். பெரும்பாலான இடங்களில் நூற்றுக்கு 2 குஞ்சு கூடுதலாகப் போட்டுத் தருவார்கள். கோடையில் அறைக்கு 20 போதும், பெட்டிக்கு 80. 'இன்னொரு பெட்டிக்குக் காசா?' என்று கேட்கும் கஞ்சத்தனம் இங்கே உதவாது.

அறை பிரிப்பதற்குக் காரணம் உண்டு. வண்டி வளைவில் சாயும்போது 100 குஞ்சுகளும் ஒரு மூலைக்கு உருண்டால் அடியில் இருப்பவை மூச்சுத் திணறிவிடும். 25 உருண்டால் அவ்வளவு பாரம் இல்லை. ஆகவே பழக்கூடையிலோ டிவி வந்த அட்டைப்பெட்டியிலோ 100 குஞ்சுகளை ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போகாதீர்கள். வேறு வழியில்லை என்றால் நடுவில் அட்டை வைத்துத் தடுத்துவிடுங்கள். கத்தியால் கிழித்து வைத்த கீறல் துளை ஆகாது. விரல் நுழைகிற அளவில் நாலு பக்கமும் மூடியிலும் துளை வேண்டும்.

அடியில் செய்தித்தாள் விரிக்காதீர்கள். வழுக்கும். வழுக்கும் தரையில் சில மணி நேரம் நின்ற குஞ்சுக்குக் கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோகும். அப்புறம் அது நடக்காது. பழைய கோணிச்சாக்கு, சொரசொரப்பான அட்டை, மரச்சுருள் எதுவும் சரி. தேங்காய் நார்க்கழிவு நம் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைப் போடாதீர்கள். வீட்டில் தரைக்கு அது நல்லது. பெட்டியில் தூசி பறந்து மூச்சில் ஏறும்.

பெட்டிகளை அடுக்கினால் வரிசைக்கு வரிசை நாலு விரல் இடைவெளி விடுங்கள். துளைகள் இன்னொரு பெட்டியின் சுவரில் போய் முட்டக் கூடாது. கட்டை வைத்துக் கட்டினால் பிரேக் போடும்போது நகராது. சட்டமும் இதையே சொல்கிறது. 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளில் பின்னால் சேர்த்த கோழிப் பகுதியின்படி, குஞ்சுகளைப் பொரித்தவுடன் அனுப்பிவிட வேண்டும், பெட்டியில் போட்டு வைத்திருக்கக் கூடாது. பெட்டியைச் சமமாகத் தூக்க வேண்டும். பெட்டிக்கு மேலேயும் சுற்றிலும் வேறு சரக்கு வைக்கக் கூடாது. வெயிலும் மழையும் படக் கூடாது. குஞ்சுப்பெட்டி மேல் தவிட்டு மூட்டை வைக்கிற ஓட்டுநரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பெட்டிக்குள் எவ்வளவு சூடு இருக்க வேண்டும்? எப்படித் தெரிந்துகொள்வது?

குஞ்சுகளைச் சுற்றியுள்ள காற்று 30 முதல் 32 டிகிரி செல்சியஸ். அதற்கு வண்டிக்குள் 24 முதல் 26 டிகிரி இருந்தால் போதும். மிச்சத்தைக் குஞ்சுகளே உண்டாக்கிக்கொள்ளும். குஞ்சின் உடல் சூடு 40 டிகிரியை ஒட்டி இருக்கும். அது 41ஐத் தாண்டினால் இரைக்கத் தொடங்கும்.

சின்ன டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை வாங்கி நடுப்பெட்டியில், குஞ்சு மட்டத்தில் கட்டி வையுங்கள். ஓரப்பெட்டியில் வைத்தால் பொய் சொல்லும்.

கருவி இல்லாதவர்களுக்குக் காது இருக்கிறது. மெல்லிய, தொடர்ச்சியான முணுமுணுப்பு என்றால் சௌகரியம். உரத்த, கூர்மையான கீச்சொலி என்றால் குளிர். சத்தமே இல்லை என்றால்தான் பயப்பட வேண்டும்: திறந்து பாருங்கள், சிறகை அகட்டி வாயைத் திறந்துகொண்டு இருக்கும். 'அழகாகத் தூங்குகிறது' என்று நினைத்து விட்டுவிட்ட ஆட்களை எனக்குத் தெரியும். இன்னொரு வழி: ஒரு குஞ்சை எடுத்து அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் குஞ்சுக்குக் குளிர். விரல்களைவிடக் கன்னத்துக்கு இது நன்றாகத் தெரியும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். அரை மணிக்கு ஒரு முறை மூடியைத் திறந்து பார்க்கிறவர்களும் குஞ்சைக் கெடுக்கிறார்கள்.

காரா, பஸ்ஸா, ரயிலா?

கார்தான் முதல். பின் இருக்கையில் வையுங்கள், டிக்கியில் வேண்டாம். மூடிய டிக்கியில் காற்றும் இல்லை, உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கவும் முடியாது. குளிர்சாதனத்தை 25இல் வைத்து, காற்றுத் துவாரத்தை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். குளிர்காற்று நேராகப் பெட்டியில் விழக் கூடாது. இருக்கைக்கு அடியில் எஞ்சின் உள்ள பழைய வேன்களில் தரையே கொதிக்கும். பெட்டிக்கு அடியில் மரச்சட்டம் கொடுத்து உயர்த்துங்கள்.

அரசு பஸ்ஸில் எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் 'இங்கே வையுங்கள்' என்று நடத்துநர் அன்போடு சொல்வார். அன்புக்கு நன்றி சொல்லிவிட்டு மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்னி பஸ்ஸின் சரக்கு அறையில் பார்சலாக அனுப்பலாமா என்று வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். வேண்டாம். காற்றோட்டம் இல்லை, புகை வரும், வழியில் யார் மூட்டை மேலே விழும் என்று தெரியாது. அனுப்பி நல்லபடி வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. பத்து முறை வரும். பதினோராவது முறை பெட்டியோடு போகும்.

ரயிலில் பார்சல் வேனில் பதிவு செய்து அனுப்ப முடியும். ஏறும் நிலையத்திலும் இறங்கும் நிலையத்திலும் நடைமேடையில் பெட்டி எவ்வளவு நேரம் கிடக்கும் என்பதுதான் கேள்வி. அங்கே இறக்கி எடுக்க ஆள் காத்திருந்தால் மட்டும் செய்யுங்கள்.

இருசக்கர வாகனத்தில் 20, 30 கிலோமீட்டர் வரை சரி. பெட்டியின் முன்பக்கத்தை ஒரு துண்டால் மறைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் தண்ணீர், தீனி கொடுக்கலாமா?

24 மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் என்றால் ஒன்றும் கொடுக்காதீர்கள். நேற்று ஓர் அம்மா தட்டில் தண்ணீர் வைத்துக் கொண்டுபோனதாகச் சொன்னார். முதல் வேகத்தடையில் தண்ணீர் கவிழ்ந்து பாதிக் குஞ்சுகள் நனைந்துவிட்டன. நனைந்த குஞ்சு கோடையிலும் விறைக்கும். பயணத்துக்கு முன்னும் பயணத்திலும் ஒரு நாள் குஞ்சுக்குத் தீனியும் தண்ணீரும் கொடுக்க வேண்டாம் என்றுதான் நான் மேலே சொன்ன விதியும் கூறுகிறது.

24 மணி நேரத்துக்கு மேல் என்றால் வெள்ளரிக்காயையோ தர்பூசணியையோ மெல்லிய துண்டாக நறுக்கி அறைக்கு இரண்டு போடலாம். கொத்தும்போது கொஞ்சம் நீர் உள்ளே போகும். சாறு வடிந்து தரை நனையும் அளவுக்குப் போடக் கூடாது.

தாளவாடி, கொல்லிமலை, வால்பாறை போன்ற மலை ஊர்களுக்கு?

மூன்று விஷயங்கள். முதலாவது குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரியாவது குறையும். சமவெளியில் திறந்து விட்ட துளைகளை மலையடிவாரத்தில் பாதி மூட வேண்டும். இறங்கும்போது மறுபடி திறக்க வேண்டும். இதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது வளைவு. தாளவாடிக்குப் போகும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டைஊசி வளைவுகள், வால்பாறைப் பாதையில் 40, கொல்லிமலையில் 70. ஒவ்வொரு வளைவிலும் குஞ்சுகள் ஒரு பக்கம் சரியும். அறைக்கு 20 போட்டு, மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் பெரிது: காத்திருப்பு. திம்பத்தில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. ஏதாவது ஒரு லாரி வளைவில் சிக்கிக்கொண்டால் அடிவாரத்துப் பண்ணாரி வரை வண்டிகள் நிற்கும். தாளவாடித் தம்பி ஒருவர் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டு இரவு பதினொரு மணிக்கு என்னை அழைத்தார். பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்கி, ஒரு கடைத் திண்ணையில் ஒற்றை வரிசையாகப் பரப்பி, மேலே வேட்டியைப் போடச் சொன்னேன். காலையில் 200இல் ஒன்றுகூடக் குறையாமல் போய்ச் சேர்ந்தார். நிற்க நேர்ந்தால் அடுக்கைக் கலைத்துப் பரப்பிவிடுங்கள்.

பொரிப்பகத்தில் நல்ல குஞ்சை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தொப்புளைப் பாருங்கள். மூடி, உலர்ந்து இருக்க வேண்டும். கருப்புப் பொருக்கோ ஈரமோ நூல் போன்ற மிச்சமோ இருந்தால் ஒதுக்குங்கள். அந்த வழியாகத்தான் கிருமி ஏறும். வயிறு மென்மையாக இருக்க வேண்டும், பந்து போல் விறைத்திருக்கக் கூடாது. மல்லாக்கப் போட்டால் இரண்டு மூன்று விநாடிக்குள் புரண்டு எழ வேண்டும். கால்கள் பளபளப்பாக, கொழுகொழுவென்று இருக்க வேண்டும். தோல் சுருங்கி, நரம்பு கருத்துத் தெரிந்தால் அது ஏற்கெனவே நீர் வற்றிய குஞ்சு; உங்கள் வண்டியில் ஏறும் முன்பே பாதிப் பயணத்தை முடித்துவிட்டது.

ஒரு பெட்டியை ஏற்றும் முன் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இறக்கியதும் மறுபடி போடுங்கள். நாலைந்து பயணத்தில், எந்த வழி, எந்த நேரம் குஞ்சை வாட்டுகிறது என்று அந்த எண்ணே உங்களுக்குச் சொல்லிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் செய்ய வேண்டியது குஞ்சு வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தகரத்தாலோ அட்டையாலோ வட்டத் தடுப்பு (மூலை இருந்தால் மூலையில் குவியும்), உள்ளே கடலைத் தொப்பியோ (நிலக்கடலை ஓடு) நார்க்கழிவோ இரண்டு அங்குலம், மேலே சொரசொரப்பான தாள், நடுவில் பல்பு. குஞ்சுக்கு 1 முதல் 2 வாட் என்பது கணக்கு. 100 குஞ்சுக்கு 60 வாட் குண்டு பல்பு இரண்டு, குளிர்காலத்தில் மூன்று. எல்.இ.டி. பல்பில் வெளிச்சம் வரும், சூடு வராது. இதைச் சொல்லியே தொண்டை வறண்டுவிட்டது. தரை மட்டத்தில் 33 முதல் 35 டிகிரி வர வேண்டும். குஞ்சு வருவதற்குச் சில மணி நேரம் முன்பும், மார்கழியில் முந்தைய நாளே, பல்பைப் போட்டுவிடுங்கள். தரை குளிர்ந்திருந்தால் மேலே எவ்வளவு சூடு இருந்தும் பயனில்லை.

வந்ததும் தண்ணீர். கோடையில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும்; ஃபிரிட்ஜ் தண்ணீர் குஞ்சை உறைய வைக்கும். மண்பானைத் தண்ணீர் எடுங்கள். நம் பக்கத்து ஆழ்குழாய்க் கிணறுகளில் உப்பு அதிகம். முதல் இரண்டு நாளுக்காவது நல்ல தண்ணீர் கொடுங்கள். லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரை கரைக்கலாம். கவுந்தப்பாடிச் சர்க்கரை எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும் என்பதால் அதைத்தான் போடுகிறேன், பொட்டலத்து ஓ.ஆர்.எஸ். தூளும் நல்லதே. முதல் ஆறு மணி நேரத்துக்கு மேல் சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், ஆசனவாயில் எச்சம் ஒட்டும். பத்தில் ஒரு குஞ்சையாவது எடுத்து அலகைத் தண்ணீரில் ஒரு முறை நனைத்துவிடுங்கள். மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

குஞ்சுகள் தண்ணீர் குடித்து ஒன்றிரண்டு மணி நேரம் ஆனதும் மக்காச்சோளக் குருணையையோ குஞ்சுத் தீவனத்தையோ தாளின் மேல் தூவுங்கள். இரவு படுக்கும் முன் 20 குஞ்சுகளின் கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். கூழ் போல நிறைந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். கல் போல இருந்தால் தீனி தின்றிருக்கிறது, தண்ணீர் போதவில்லை. வெறுமையாக இருந்தால் பல்பின் உயரத்தையும் தண்ணீர்க் குவளையின் இடத்தையும் மாற்றுங்கள்.

பயண அலுப்புக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கச் சொல்கிறார்களே?

அலுப்புக்கு மருந்து தண்ணீரும் சூடும்தான். நோய் இல்லாத குஞ்சுக்கு ஆன்டிபயாடிக் போடுவது, பின்னால் நோய் வரும்போது அந்த மருந்து வேலை செய்யாமல் போக வழி பண்ணுவது. முன்பு பண்ணைகளில் தண்ணீர் போலப் புழங்கிய கொலிஸ்டினை 2019இல் உணவுக்கான கால்நடைகளில் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய அரசு தடை செய்துவிட்டது. இன்னும் பழைய புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு 'ஒரு மூடி ஊற்றுங்கள்' என்பவர்களை நம்ப வேண்டாம். சந்தேகம் இருந்தால் செத்த குஞ்சோடு கால்நடை மருத்துவரிடம் போங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது.

மூன்றாம், நான்காம் நாள் சாகிறதே, அது யார் குற்றம்?

வந்த அன்றே செத்தால் வழியில் நேர்ந்தது. மூன்று முதல் ஐந்தாம் நாளுக்குள் மெலிந்து, ஓரமாக நின்று சாகிறவை பெரும்பாலும் தீனியையும் தண்ணீரையும் கண்டுபிடிக்காதவை. கட்டுச்சோறு தீர்ந்தது, புதுச்சோறு எங்கே என்று தெரியவில்லை. இதில் பாதி பயணத்தின் வேலை, பாதி நம் வேலை. அறுத்துப் பார்த்தால் சிறுநீரகத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியது போல இருக்கும். நீர் வற்றியதன் அடையாளம் அது. வயிறு உப்பி, தொப்புள் வீங்கி, நாற்றம் அடித்தால் பொரிப்பகத்தின் சுத்தக் குறைவு. வெள்ளையாகக் கழிந்துகொண்டு கூட்டமாகச் செத்தால் தாய்க்கோழி வழியாக வந்த நோயாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். பத்து நாளுக்குப் பிறகு சாவதற்குப் பயணத்தைக் குற்றம் சொல்ல முடியாது. நூற்றுக்கு ஒன்று இரண்டு போவது எல்லோருக்கும் உண்டு. அதற்காகப் பொரிப்பகத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

தடுப்பூசி எப்போது?

மேரெக்ஸ் (கால்களை முடக்கும் வைரஸ் நோய்) ஊசி பொரிப்பகத்திலேயே முதல் நாள் போட வேண்டும். போட்டார்களா என்று கேளுங்கள். வெள்ளைக் கழிச்சலுக்கான (ராணிக்கெட் நோய்) முதல் சொட்டு மருந்து 5 முதல் 7ஆம் நாளில், நோய் எதிர்ப்பைக் குலைக்கும் கம்போரோ நோய்க்கு 14ஆம் நாள் வாக்கில். பயணக் களைப்பில் குஞ்சு சோர்ந்திருந்தால் ஏழாம் நாள் வரை பொறுக்கலாம். மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில்தான் கொண்டுவர வேண்டும்.

ஒரு வாரம் வளர்ந்த குஞ்சு இன்னும் கெட்டியாக இருக்குமே, அதை வாங்கிப் போகலாமா?

இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். பயணத்துக்கு ஒரு நாள் குஞ்சு நல்லது, ஒரு மாதக் குஞ்சு நல்லது, ஒரு வாரக் குஞ்சு ஆகாது. ஐந்தாம் நாளுக்குள் வயிற்றிலுள்ள கட்டுச்சோறு தீர்ந்துவிடுகிறது. ஆனால் இறகு இன்னும் முளைக்கவில்லை. பசியும் தாங்காது, குளிரும் தாங்காது.

ஒரு மாதக் குஞ்சு வாங்கினால் அட்டைப்பெட்டி வேண்டாம்; காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் கூடை வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் நடுவில் நிறுத்தித் தண்ணீர் காட்ட வேண்டும்.

மத்தியப் பிரதேசத்திலிருந்து அசல் கடக்நாத் கருங்கோழி வரவழைக்கலாமா?

ஜாபுவா கடக்நாத்துக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. அங்கிருந்து ஈரோடு வர ஒன்றரை, இரண்டு நாள். பொரிப்பகத்தில் கழிந்த நேரத்தையும் கூட்டினால் 72 மணி நேர விளிம்பில் வந்து நிற்கும். நம் பக்கத்திலேயே கடக்நாத் தாய்க்கோழி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் வாங்குங்கள். அசல் வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தால் குஞ்சாக இல்லாமல், பொரிக்க வைக்கும் முட்டையாகக் கொண்டு வாருங்கள். முட்டைக்குப் பசியும் இல்லை, மூச்சும் முட்டாது. வந்ததும் கூர்முனை கீழே இருக்கும்படி நிறுத்தி, ஒரு நாள் ஓய்வு கொடுத்து அடை வையுங்கள். குலுங்கி வந்த முட்டையில் பொரிப்பு குறையும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேரளாவுக்குக் கொண்டு போக முடியுமா?

சாதாரண நாட்களில் முடியும். கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றும் வாங்கிய ரசீதும் கையில் இருக்கட்டும். அந்தப் பக்கம் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் வாளையார், வேலந்தாவளம் சாவடிகளில் கெடுபிடி தொடங்கிவிடும். கிருமிநாசினி தெளிப்பார்கள், கோழி வண்டிகளைத் திருப்பி அனுப்புவார்கள். கிளம்பும் முன் கால்நடைத் துறையில் விசாரித்துவிடுங்கள். சாவடியில் நின்று விசாரிக்கிற நேரம் குஞ்சுக்கு ஆகாது.

காடை, வாத்துக் குஞ்சுகளுக்கும் இதே முறையா?

காடைக் குஞ்சு 7, 8 கிராம்தான். சீக்கிரம் குளிர்ந்துவிடும், ஒரு நாளைத் தாண்டிய பயணம் வேண்டாம். வந்ததும் தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் மூழ்கிவிடும். வாத்துக் குஞ்சு வந்தவுடன் அதிகம் குடிக்கும், நீந்த மட்டும் விடாதீர்கள்.

வந்த அட்டைப்பெட்டியை எடுத்து வைத்து மறுபடி பயன்படுத்தலாமா?

கூடாது. அன்றைக்கே எரித்துவிடுங்கள். பிளாஸ்டிக் பெட்டி என்றால் கழுவி, கிருமிநாசினியில் நனைத்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வைத்துத் திருப்பிக் கொடுங்கள். 'பெட்டி நன்றாகத்தானே இருக்கிறது' என்று எங்கள் வீட்டிலும் ஒருவர் வெங்காயம் போட்டு வைக்கப் பார்த்தார். அதையும் எடுத்து எரித்தேன்.